ஓஸ்லோவில் இரண்டு இரவுகள், மூன்று பேர், 700 யூரோ: முடியுமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் பெர்லினில் வேலை பார்க்கிறோம். மதுரையிலிருந்து என் அம்மா ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். அவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். பனியாறு அரித்த பள்ளத்தாக்கில் கடல் நீர் புகுந்தால் அதற்கு ஃபியோர்டு என்று பெயர் என ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியவர், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு வார இறுதியாவது அவரை நார்வேக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். அலுவலகத்தில் விடுப்பு இல்லாததால் மேற்குக் கரையின் பெரிய ஃபியோர்டுகளுக்குப் போக நேரம் போதாது, எனவே ஓஸ்லோ. ஆனால் அங்கே போய் வந்த அலுவலக நண்பர்கள் எல்லாரும் விலையைச் சொல்லியே பயமுறுத்துகிறார்கள். விமானச் சீட்டு நீங்கலாகத் தங்குவது, சாப்பிடுவது, ஊருக்குள் சுற்றுவது எல்லாமாகச் சேர்த்து 700 யூரோவுக்கு மேல் எங்களால் செலவிட முடியாது.

அம்மாவுக்கு 68 வயது. மூட்டு வலி உண்டு. ஒரு கிலோமீட்டர் வரை நிதானமாக நடப்பார், படிகள்தாம் சிரமம். முட்டைகூடச் சேர்க்காத சைவம். அவரைப் பசியோடும் களைப்போடும் அலைய வைத்துச் சேமிக்கும் பணம் எனக்கு வேண்டாம். எங்கே சிக்கனமாக இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஒஸ்லோவாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கடந்த இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒஸ்லோவில் வசிப்பவன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை இங்கே கூட்டித் திரிந்த பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் 700 யூரோவுக்குள் இது முடியும். இந்த நகரத்தில் கூரையும், இன்னொருவர் சமைத்துப் பரிமாறும் உணவும், மதுவும்தான் விலை. கடலும் காடும் மலையும் நகரப் பேருந்துச் சீட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே பணத்தை நகர நடுவில் ஒரு நல்ல அறைக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றில் சிக்கனமாக இருங்கள்.

முதலில் கடவுச்சீட்டு விடயம். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் வலயத்தில் இருப்பதால் அம்மாவின் விசாவே போதும். நேரடி விமானமாகவோ இன்னொரு ஷெங்கன் நகரம் வழியாகவோ வாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று லண்டன் வழியாகச் சீட்டு எடுத்தால் அவர் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்காகும். ஒருமுறை நுழைவு விசா என்றால் திரும்ப உள்ளே வர முடியாமற் போய்விடும்.

கார்டர்மோன் விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. வெளியே வந்தவுடன் கண்ணில் படுவது விமான நிலைய அதிவேகத் தொடருந்து. அது 19 நிமிடத்தில் நகரை அடையும். அதே நிலையத்திலிருந்து புறப்படும் வழமையான பிராந்தியத் தொடருந்துக்கு 23 நிமிடம் அளவில் ஆகும், கட்டணமோ ஏறத்தாழப் பாதிதான். நாலு நிமிடத்துக்காக இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. ரூட்டர் என்ற நகரப் போக்குவரத்துச் செயலியில் விமான நிலைய வலயங்களையும் சேர்த்து வாங்கும் சீட்டு பிராந்தியத் தொடருந்தில் செல்லுபடியாகும், நகரில் இறங்கியபின் அதே சீட்டின் நேரம் முடியும் வரை டிராமிலும் ஏறலாம். 67 வயது நிறைந்தவர்களுக்கு ரூட்டரில் மூத்தோர் கட்டணம், அதாவது பாதி விலை. அம்மாவின் வயதைக் காட்டும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சுரங்கத் தொடருந்தில் நுழைவாயிற் கதவுகள் கிடையாது என்பதால் யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பரிசோதகர்கள் சாதாரண உடையில்கூட வருவார்கள்.

தங்குமிடம். ஒஸ்லோவின் விடுதிகளில் பல அலுவலகப் பயணிகளை நம்பி நடப்பவை, அவர்கள் வெள்ளிக்கிழமையோடு ஊர் திரும்பிவிடுவார்கள். அதனால் பெரிய நிகழ்ச்சி ஏதும் இல்லாத வார இறுதியில் மத்திய தொடருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளின் விலை கிழமை நாட்களைவிடக் குறைவது வழக்கம். மூவர் தங்கும் அறை என்று தேடுங்கள். காலை உணவு சேர்ந்ததா என்பதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் இங்குள்ள விடுதிகளின் காலை உணவு ஒரு சிறு விருந்து. பல வகைப் பாண் (ரொட்டி), ஓட்ஸ் கஞ்சி, தயிர், பழங்கள், கொட்டைகள், பாற்கட்டிகள் (சீஸ்) எல்லாம் இருக்கும். சைவக்காரருக்கு அந்த நாளின் முக்கியமான சாப்பாடு அதுவாகவே ஆகிவிடும். அம்மா அங்கே பழுப்பு நிறப் பாற்கட்டியைக் கட்டாயம் சுவைத்துப் பார்க்க வேண்டும். பால் திரிந்த நீரை வற்றவைத்துச் செய்வது. மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாணின் மேல் வைத்துச் சாப்பிடுவோம். மணமும் இனிப்பும் நம் திரட்டுப்பாலை நினைவுபடுத்தும்.

மதியத்துக்கு நோர்வேக்காரர் செய்வதையே செய்யுங்கள். இங்கே அமைச்சரும் பள்ளிப் பிள்ளையும் ஒரே மாதிரி மாத்பக்கெ என்ற உணவுப்பொதியைக் கொண்டுபோவார்கள். பாண் துண்டுகளின் மேல் ஏதேனும் தடவி, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையிலே சிறிய மெழுகுத்தாள் வைத்து, மேலே ஒரு தாளால் மடித்துக் கட்டுவது. பூங்கா வாங்கில் (பெஞ்சில்) உட்கார்ந்து பொதியைப் பிரித்துச் சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பொருட்களை ரேமா, கீவி போன்ற மலிவு அங்காடிகளில் வாங்குங்கள். தண்ணீரை மட்டும் காசு கொடுத்து வாங்காதீர்கள். நகரின் பெரும்பகுதிக்கு வடக்கேயுள்ள மாரிடால் ஏரியிலிருந்து வரும் குழாய்நீர் போத்தல் நீரைவிடக் குளிர்ச்சியாகவும் சுவையாகவும் இருக்கும்.

சனிக்கிழமை மாலை கிரொன்லாண்ட் பகுதிக்குப் போங்கள். மத்திய நிலையத்துக்கு அடுத்த சுரங்கத் தொடருந்து நிறுத்தம் அது. பாகிஸ்தானியர் முதலான பல நாட்டவரின் கடைகளும் சிற்றுணவகங்களும் நிறைந்த இடம். பருப்புக் கறியும் ரொட்டியும் நடுநகர உணவகத்தின் பாதி விலைக்குக் கிடைக்கும். சைவம் என்று சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும்.

பனித்துளி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் முதுநிலை மாணவன். சென்ற ஆண்டு இரு நண்பர்களுடன் ஓஸ்லோ சென்று வந்தேன். மேலே உள்ளவர் சொன்னதோடு, நாங்கள் செய்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது விமான நிலையம். எங்கள் சீட்டு மிக மலிவு. அதில் ஓஸ்லோ என்று எழுதியிருந்ததால் மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை. இறங்கிய பிறகுதான் அது நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டொர்ப் என்று தெரிந்தது. நகருக்கு வரப் பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், திரும்பிப் போக மீண்டும் இரண்டு மணி நேரம். பேருந்துக் கட்டணத்தைச் சேர்த்துப் பார்த்தபோது சீட்டில் மிச்சப்படுத்தியது கையில் நிற்கவில்லை, சனிக்கிழமை காலையும் போய்விட்டது. அம்மாவை அழைத்துச் செல்லும்போது இது நடக்கவே கூடாது. சீட்டில் கார்டர்மோனுக்குரிய ஓ எஸ் எல் (OSL) என்ற மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. நார்வேயில் ஞாயிறன்று பெரிய மளிகை அங்காடிகள் சட்டப்படி திறப்பதில்லை. 100 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு கடைகளுக்கு மட்டும் அனுமதி உண்டு, அவற்றில் விலை அதிகம். எங்களுக்கு இது தெரியாது. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பூட்டிய அங்காடியின் கண்ணாடிக் கதவுக்கு முன் மூவரும் நின்றோம். உள்ளே அடுக்கில் ரொட்டி தெரிகிறது, வாங்க வழியில்லை. கடைசியில் ஒரு பெட்டிக்கடையில் மூன்று பன்னுக்கும் மூன்று காபிக்கும் கொடுத்த பணத்தில் முந்தைய நாள் இரண்டு வேளைச் சாப்பாடு முடித்திருந்தோம். ஆகவே ஞாயிறு இரவு விமானத்தில் ஏறும் வரைக்கும் தேவையான அத்தனையையும் சனிக்கிழமை இரவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. சமையலறையுடன் கூடிய வீடு எடுத்தால் அம்மாவுக்கு ஒரு ரசம், ஒரு சாதம் என்று சூடாகச் செய்து கொடுக்கலாம். அரிசியும் பொடியும் பெர்லினிலிருந்தே கொண்டு போகலாம். நாங்கள் அப்படித்தான் இரண்டு இரவுச் சாப்பாட்டை முடித்தோம்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டொர்ப் பற்றிச் சொன்னது எங்களைக் காப்பாற்றியது. நாங்கள் பார்த்து வைத்திருந்த மிக மலிவான சீட்டை மறுபடி திறந்து சரிபார்த்தோம், அதுவும் அங்கேதான் இறங்குகிறது!

வீடா விடுதியா என்பதில் கணவருக்கும் எனக்கும் வாக்குவாதமே நடந்துவிட்டது. வீட்டுக்கு ஓரிரவு வாடகை குறைவாகத் தெரிகிறது, ஆனால் துப்புரவுக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஓஸ்லோ பாஸ் என்ற அட்டையையும் பலர் பரிந்துரைக்கிறார்கள், அதை வாங்கலாமா? எல்லாவற்றையும்விட, அம்மாவின் கால்களுக்கு ஏற்ற மாதிரி ஃபியோர்டைப் பார்க்க எது நல்ல வழி? சுற்றுலாப் படகுக் கட்டணம் மூவருக்கும் சேர்த்து எங்கள் கையைக் கடிக்கிறது.

கணக்கர் எழுதியது:

வணக்கம். நான் ஸ்டாக்ஹோமில் இருப்பவன், ஓஸ்லோவுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். 1 யூரோவுக்கு 11 முதல் 12 நார்வே குரோனர் என்று வைத்துக்கொண்டு உங்களுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

துப்புரவுக் கட்டணம் ஒரு இரவு தங்கினாலும் ஒரு வாரம் தங்கினாலும் ஒன்றே என்பதால் இரண்டு இரவுக்கு வீடு எடுப்பவர்தான் அதில் அதிகம் இழக்கிறார். மேலும் காலை உணவு உங்கள் கைப்பணமாகிவிடும், ஞாயிறு காலை அறையைக் காலி செய்தபின் பெட்டிகளை வைக்கவும் இடம் இருக்காது. விடுதியில் மாலை வரை பெட்டியை இலவசமாக வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் நிலையத்துப் பெட்டகத்துக்குத் தனிக் காசு. நான்கு இரவு என்றால் தம்பி சொன்னது சரி, உங்கள் பயணத்துக்கு விடுதியே ஏற்றது. மூவர் அறை ஓரிரவு 1,800 குரோனருக்குள் கிடைத்தால் எடுத்துவிடுங்கள்.

அந்த அட்டையைப் பொறுத்தவரை, நகரப் போக்குவரத்தும் பெரும்பாலான அருங்காட்சியகங்களும் அதில் அடங்கும். ஒரு நாள் அட்டையே பெரியவர் ஒருவருக்கு 500 குரோனருக்கு மேல் ஆகும். பெரிய அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணம் ஒவ்வொன்றும் 200 குரோனர் அளவில் இருப்பதால், ஒரே நாளில் மூன்றுக்குள் நுழைந்து வெளியே வருபவருக்குத்தான் அட்டை லாபம். மூட்டு வலியுள்ள ஒருவரை அட்டையின் விலையை ஈடுகட்டுவதற்காக மூன்று அருங்காட்சியகங்களில் நடக்க வைப்பது முறையாகாது. 24 மணி நேரப் போக்குவரத்துச் சீட்டை ஆளுக்கு இரண்டு வாங்கினால் போதும். அது நாளைக் கணக்கிடாமல் நீங்கள் தொடங்கும் மணியிலிருந்து கணக்கிடும் என்பதால், முதல் சீட்டைச் சனிக்கிழமை காலை உணவு முடித்து வெளியே வரும் நேரத்தில் தொடங்குங்கள்.

பணம் கட்டிப் பார்ப்பது ஒன்றே ஒன்று என்றால், புவியியல் ஆசிரியைக்கு நான் ஃபிராம் அருங்காட்சியகத்தைச் சொல்வேன். நார்வேயின் துருவப் பயணி நான்சென் 1893 முதல் 1896 வரை வடதுருவப் பனியில் மிதக்கவிட்ட கப்பல் அது. 1911 டிசம்பரில் தென்துருவத்தை அடைந்த அமுண்ட்சென் அண்டார்க்டிக்காவுக்குச் சென்றதும் அதே கப்பலில்தான். முழுக் கப்பலையும் கூரைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேல்தளத்தில் நின்று பார்க்கலாம், உள்ளே இறங்கும் படிகள் குறுகலானவை, அவற்றை அம்மா தவிர்க்கலாம். 30ஆம் எண் பேருந்து பிக்டோய் தீவக்குறைக்குப் போகும், அதுவும் உங்கள் சீட்டிலேயே. வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது, ஆனால் புதுக் கட்டடத்துக்காக 2022இல் மூடிவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளை நம்பித் தேட வேண்டாம்.

அறைக்கு 3,600, விமான நிலையப் போக்குவரத்துக்கு 700, நகரச் சீட்டுக்கு 700, அங்காடிப் பொருளுக்கும் இரண்டு இரவுச் சாப்பாட்டுக்கும் 1,500, ஃபிராமுக்கு 550 என்று வைத்தால் 7,050 குரோனர். 620 யூரோ அளவு. மீதியைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஒஸ்லோவாசி எழுதியது:

கணக்கர் ஐயாவின் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஃபியோர்டு பற்றிய கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் அம்மா புவியியல் ஆசிரியை என்று வாசித்ததிலிருந்து இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஒஸ்லோ ஃபியோர்டு பெயரளவில் ஃபியோர்டு என்றாலும் மேற்குக் கரையின் ஃபியோர்டுகளைப் போல முழுக்கப் பனியாற்றின் வேலை அன்று. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தை ஒட்டி, நிலம் பிளந்து நடுப்பகுதி கீழே இறங்கியது. அந்தப் பிளவுப் பள்ளத்தாக்கைப் பிற்காலத்தில் பனி செதுக்கிக் கடல் நிரப்பியது. அதனால்தான் இங்கே செங்குத்தான மலைச்சுவர்களைக் காண முடியாது, தாழ்ந்த தீவுகளும் அகன்ற நீரும்தான் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அம்மா ஏமாற்றம் அடையமாட்டார்.

சுற்றுலாப் படகு வேண்டாம். நகரசபைக் கட்டடம் தெரியும்தானே, ஒவ்வொரு டிசம்பர் 10ஆம் தேதியும் நோபல் சமாதானப் பரிசு வழங்கும் இடம். அதன் முன்னுள்ள துறையிலிருந்து தீவுகளுக்குப் போகும் பயணப் படகுகள் உங்கள் நகரச் சீட்டிலேயே ஓடுகின்றன. ஹோவெடோயா தீவு சில நிமிடத் தூரம். 1147இல் இங்கிலாந்திலிருந்து வந்த சிஸ்டர்சியம் என்ற கிறித்தவச் சபையின் துறவிகள் கட்டிய மடத்தின் இடிபாடுகள் படகுத்துறையிலிருந்து சிறு நடையில் இருக்கின்றன. சுவர் ஓரமாகப் புல்லில் ஒரு துணியை விரித்து, மாத்பக்கெயைப் பிரித்து, ஒரு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். இது சனிக்கிழமை காலைக்கு.

அங்கிருந்து திரும்பி 12ஆம் எண் டிராமில் வீகெலாண்ட் பூங்காவுக்குப் போங்கள், வாசலிலேயே இறக்கிவிடும். நுழைவுக் கட்டணம் இல்லை, கதவுக்குப் பூட்டும் இல்லை. குஸ்தாவ் வீகெலாண்ட் என்ற ஒரே சிற்பியின் இருநூறுக்கு மேற்பட்ட சிற்பங்கள். நடுவில் ஒரே கருங்கல்லில் 121 மனித உருவங்கள் ஒன்றையொன்று பற்றி மேலேறும் 14 மீட்டர்த் தூண் நிற்கிறது. அதற்குப் படி ஏற வேண்டும், கீழே நின்றும் நன்றாகத் தெரியும். நான் என் தாயாரை அங்கே கூட்டிப்போனபோது அவர் தூணைவிடப் பாலத்தின் மேலுள்ள ஒரு வெண்கலச் சிறுவனிடம்தான் அதிக நேரம் நின்றார். கைகளை முறுக்கி, ஒரு காலைத் தூக்கி அடம்பிடிக்கும் குழந்தை. பலரும் தொட்டுத் தொட்டு அதன் இடக்கை மட்டும் பொன்னாய் மின்னும்.

ஞாயிறு காலை பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு 1ஆம் தடச் சுரங்கத் தொடருந்தில் கடைசி நிறுத்தமான ஃப்ரோக்னர்சேதெரன் வரை போங்கள். பெயருக்குத்தான் சுரங்கம், அரை மணி நேரத்துக்கு மேல் வெளிச்சத்தில், வீடுகளுக்கும் பிறகு ஊசியிலைக் காட்டுக்கும் நடுவே மலையேறும் தடம் அது. முடிவிடம் கடல்மட்டத்திலிருந்து 469 மீட்டர். வழியில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: பனியுகத்தின் இறுதியில் பனியின் பாரம் இந்த நிலத்தை அமுக்கி வைத்திருந்ததால், அன்றைய கடற்கரை இன்றைய மட்டத்துக்கு ஏறத்தாழ 220 மீட்டர் மேலே இருந்தது. பனி உருகியபின் நிலம் எழும்பத் தொடங்கியது, இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழும்புகிறது. அதாவது தொடருந்தில் உட்கார்ந்தபடியே பழைய கடலின் கரையைத் தாண்டி மேலே போகிறீர்கள். இறங்கினால் முழு ஃபியோர்டும் தீவுகளோடு கீழே விரியும். அங்குள்ள பழைய மர உணவகத்தில் ஆப்பிள் கேக் பெயர் பெற்றது. முட்டை சேர்ந்திருக்கும், அம்மாவுக்குத் தேநீர் மட்டும்தான். கையிலுள்ள மீதிப் பணத்தில் கொஞ்சத்தை இந்த ஒரு மணி நேரத்துக்குத் தயங்காமல் செலவிடுங்கள்.

பிற்பகலில் மழை வந்தால் ஓபெரா கட்டடத்துக்கு எதிரேயுள்ள டைக்மன் பொது நூலகத்தில் போய் இருங்கள். 2020இல் திறந்தது. ஞாயிறும் திறந்திருக்கும், யாரும் அட்டை கேட்கமாட்டார்கள். மேல்தளத்துக்கு மின்தூக்கி உண்டு. கண்ணாடி வழியே ஓபெராவின் வெள்ளைச் சலவைக்கல் கூரை தெரியும். மழை இல்லையென்றால் அந்தக் கூரையின் மேலேயே நடக்கலாம், சரிவு என்பதால் அம்மா தண்ணீரைத் தொடும் கீழ்ப்பகுதியோடு நிற்கட்டும். மத்திய நிலையம் அங்கிருந்து சில நிமிட நடைதான், தொடருந்துக்கு நேரம் பார்த்துக் கிளம்பலாம்.

வைகைக்கரை எழுதியது:

கார்டர்மோனுக்கு நேரடி விமானம் எடுத்துவிட்டோம், மூவருக்கும் சேர்த்து முதலில் பார்த்ததைவிட 60 யூரோ அதிகம். மத்திய நிலையத்துக்கு அருகில் காலை உணவோடு மூவர் அறை ஓரிரவுக்கு 1,740 குரோனர் வீதம் கிடைத்தது. உங்கள் மூவரின் பதில்களையும் நேற்றிரவு அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். பிளவுப் பள்ளத்தாக்கு என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, ஒரு தாளை எடுத்து, இரண்டு பிளவுக்கோடுகள் போட்டு நடுநிலத்தைக் கீழே இறக்கி எனக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். ஹோவெடோயாவில் பாறை அடுக்குகளை அருகில் பார்க்க முடியுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.

ஒஸ்லோவாசி எழுதியது:

தாராளமாகப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி, சாய்ந்தும் மடிந்தும் கரையோரத்திலேயே தெரியும். தொல்லுயிர்ப் படிமங்கள்கூட உண்டு, பார்க்க மட்டும்தான், உடைத்து எடுக்கக் கூடாது. அலை நனைக்கும் இடத்தில் பாறை மிகவும் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள சப்பாத்து அணிவித்து, நீங்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.